ஏழுமலையைப் பிடித்த நாள்

போன மாதம் நம் பழைய போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு வேலையாக வந்திருந்தேன். பயிற்சி முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்த உங்களில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "சார், கஞ்சா கும்பலை ஒழிக்கணும்னா முதல்ல யாரைப் பிடிக்கணும்? விக்கிறவனையா, கொண்டுவர்றவனையா, தலைவனையா?" நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஏதோ விபத்து என்று போன் வந்தது. நீங்கள் எல்லோரும் கிளம்பிவிட்டீர்கள். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்குத்தான் இதை எழுதுகிறேன். பதிலாக என்னிடம் இருப்பது ஒரே ஒரு நாளின் கதை, அதற்கு முன்னும் பின்னுமாகக் கொஞ்சம்.

நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் எஸ்.ஐ.யாக வந்தது அறுபதுகளின் கடைசியில். அப்போது இதெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் எங்களுக்குப் பெரிய ஊர். மீட்டிங் என்றால் அங்கேதான் போகவேண்டும். நீங்கள் இன்று பார்க்கிற கும்மிடிப்பூண்டியை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். நெல்வயல், ஏரி, பனை, நடுவில் மெட்ராஸிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி. ரோடு. கரி இன்ஜின் கூவினால் வயலில் வேலை செய்கிறவர்கள் அதை வைத்துச் சாப்பாட்டுக்கு எழுந்து போவார்கள். கிழக்கே போனால் பழவேற்காட்டு ஏரி, அதில் மீனவக் குப்பங்கள். வடக்கே கொஞ்ச தூரத்தில் ஆந்திரா. சந்தையில் ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு நாஷ்டா கடை. அங்கே காலையில் எறா, அதாவது இறால், போட்ட குழம்பும் இட்லியும் கிடைக்கும். அந்தக் குழம்புக்காகவே சிலர் மாற்றல் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார்கள் என்று சொல்வோம். முழுக்கப் பொய் இல்லை.

எங்களிடம் இருந்தது ஒரே ஜீப். காலையில் அதைத் தள்ளித்தான் கிளப்புவோம். ஏட்டு தேவராஜும் கான்ஸ்டபிள் சம்பந்தமும் ஆளுக்கொரு பக்கம் நின்று தள்ளுவார்கள். நானும் தள்ளுவேன். அது கிளம்பியதும் ஓடிப்போய் ஏறுவதில் ஒரு சந்தோஷம் இருந்தது. இன்று உங்கள் வண்டிகளைப் பார்க்கும்போது பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டம் உங்களுக்குக் கிடைக்கவில்லையே என்றும் தோன்றும்.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். சாராயம்தான் பெரிய தலைவலி என்று எல்லோரும் நினைத்தார்கள். எங்கள் எல்லையில் அதைவிடப் பெரியது கஞ்சா. ஆந்திர மலைப்பக்கத்திலிருந்து இறங்கி, ஏரி வழியாகப் படகில் வந்து, கருவாட்டுக் கூடைகளுக்கு அடியில் உட்கார்ந்து, ரயிலேறி மெட்ராஸ் போகும். ரோட்டோரம் முதல் தொழிற்சாலைகள் கட்ட ஆரம்பித்த பிறகு, மெட்ராஸ் வரைக்கும் போகவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. லாரி ஷெட்டிலும் ஆலை வாசலிலும் பொட்டலம் விற்றது. இரண்டு கும்பல். லாரி ஷெட்டை வைத்திருந்தது ஒன்று. ஏரியை வைத்திருந்தது இன்னொன்று. எது யாருடைய வாசல் என்பதில் அவர்களுக்குள் கத்திக்குத்து நடக்கும்.

ஒரு வெல்டர், நல்ல மனுஷன், "எங்க கம்பெனி கேட்டாண்ட விக்காதீங்கப்பா, சின்னப் பசங்க வேலைக்கு வர்றாங்க" என்று சொன்னான். சொன்னது அவ்வளவுதான். ஸ்டேஷன் ரோட்டில் பட்டப்பகலில் அவன் வலது கையை வெட்டினார்கள். நரம்பு போய்விட்டது. அந்தக் கையால் பிறகு அவன் வெல்டிங் டார்ச்சைப் பிடிக்கவே இல்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். ரோட்டில் அத்தனை பேர் இருந்தார்கள். ஒருவர்கூட எதையும் பார்க்கவில்லை என்றார்கள்.

ஏரிக் கும்பலின் தலைவன் ஏழுமலை. ஒரு குப்பத்துக்காரன். அது ஏரிக்கு நடுவே ஒரு திட்டு. பெயரைச் சொல்லவில்லை. அங்கே இன்று நல்லபடியாக வாழ்கிறவர்களுக்கு இந்தக் கதை பாரமாகக்கூடாது. ஏழுமலைக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கறுத்து, இறுகி, குரல் மட்டும் மிருதுவாக இருப்பான். அவன் சரக்கு ராத்திரியில் வரவில்லை. வெயில் ஏறின பிறகு, எல்லோரும் பார்க்க, பாய் விரித்து வந்தது. மறைக்கவேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. அந்தக் குப்பத்தில் அவனைப் பற்றி ஒரு சொல் வெளியே வராது.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ரயில்வே ஸ்டேஷனில் காத்திருந்து, கூடையோடு வரும் குப்பத்துப் பெண்களைப் பிடிப்பேன். அவர்கள் கோர்ட்டில் அபராதம் கட்டுவார்கள். அடுத்த வாரம் வேறு பெண்கள் வருவார்கள். கேஸ் எண்ணிக்கை ஏறியது. கும்பலில் ஒரு முடிகூட உதிரவில்லை.

எங்கள் இன்ஸ்பெக்டர் தெற்கத்திக்காரர். அதிகம் பேசமாட்டார். வெற்றிலை போடுவார், ஆனால் ஸ்டேஷனுக்குள் போடமாட்டார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, அந்தக் குப்பத்துல ஒரு புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாரு தூக்கிட்டுப் போறா?" என்று கேட்டார்.

"தெரியலை சார்."

"ஏழுமலைதான் போறான். அந்தக் குப்பத்துலயே பெரிய படகு அவன்கிட்டதான் இருக்கு. மத்ததெல்லாம் வலை போடுற சின்னப் படகு, ஆம்பளைங்க காலையிலேயே கொண்டுபோயிடுறானுக. பாம்புக் கடின்னாலும் பிரசவம்னாலும் ஏழுமலை. அவனைக் காட்டிக்குடுன்னா, அவங்க எதைக் குடுக்கணும்னு யோசிச்சுப் பாத்தியா?"

யோசித்ததில்லை. ஆனால் அன்றைக்கு அது எனக்கு ஒரு தகவலாகத்தான் பட்டது. சரி சார் என்று சல்யூட் அடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பங்குனி மாதம். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ஒரு பஸ் கண்டக்டர் மூலம் எனக்குச் சேதி வந்தது. ஏழுமலை இந்தத் தடவை தானே சரக்கோடு வருகிறான், குப்பத்தில் இறக்கிக் கூடைகளில் பிரிக்கப்போகிறான் என்று. மாதக்கணக்கில் காத்திருந்த சந்தர்ப்பம் அது. தேவராஜையும் சம்பந்தத்தையும் அழைத்துக்கொண்டேன். லுங்கியும் துண்டுமாக மூவரும் ஒரு சின்னப் படகில் திட்டுக்குப் போனோம். ஜீப்பை இந்தப் பக்கக் கரையில் டிரைவரோடு நிறுத்திவைத்தோம். எங்களை இறக்கிவிட்ட படகுக்காரன், யார் வீட்டு விஷயம் என்று தெரிந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். வலையுலர்த்தும் மூங்கில்களுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. அந்த வெயிலிலும் அது அழகாகத்தான் இருந்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

படகு வந்தது. மூட்டைகள் கரையில் இறங்கும் வரை காத்திருந்து எழுந்தோம். ஏழுமலையின் ஆட்கள் இரண்டு பேரும் தண்ணீரில் குதித்து ஓடினார்கள். ஏரி அந்த மாதத்தில் வற்றிக் கிடக்கும், இடுப்பளவு தண்ணீரில் அவர்களுக்கு ஓடத் தெரியும். ஏழுமலை மட்டும் படகின் கயிற்றைக் கையில் பிடித்திருந்தான். விட்டால் படகு போய்விடும். அந்த ஒரு நொடித் தயக்கத்தில் தேவராஜ் அவனை அணைத்துப் பிடித்துவிட்டார்.

விலங்கு மாட்டினேன். அவன் முரண்டு பிடிக்கவில்லை. "வந்துட்டீங்களா சார்?" என்றான், விருந்தாளியைக் கேட்கிற மாதிரி.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் தாயாரம்மா. குப்பத்தில் அவள் வார்த்தைக்கு மரியாதை உண்டு. அவளை நானே இரண்டு தடவை ரயில்வே ஸ்டேஷனில் பிடித்திருக்கிறேன். அவள் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எழுத முடிந்ததில் ஒன்று: "உங்க ஊட்ல பொம்பளைங்க இல்லியா? எங்க வயித்துல அடிக்கறதுக்குன்னே யூனிபாரம் குட்தாங்களா?"

நான் காதில் வாங்காமல் மூட்டைகளுக்குச் சீல் வைக்க ஆரம்பித்தேன். மனசு துள்ளிக்கொண்டிருந்தது. அந்த வெல்டரின் கை நினைவுக்கு வந்தது. இன்றைக்குப் பதில் சொல்லிவிட்டோம் என்று நினைத்தேன்.

கடைசி மூட்டைக்குச் சீலை அழுத்தியபோதுதான் ஒரு குடிசையிலிருந்து ஒரு பெண்ணின் கதறல் கேட்டது. நீங்கள் எவ்வளவு பயிற்சி எடுத்திருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். தாயாரம்மா திட்டுவதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அவள் மகள் கங்கம்மா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். விடியற்காலையிலிருந்து வலி. கொஞ்ச நேரத்தில் மருத்துவச்சி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "புள்ள குறுக்கால கீது. என்னால ஆவாது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனாத்தான்."

ஆண்கள் அத்தனை பேரும் படகுகளோடு முகத்துவாரத்துக்கு எறா பிடிக்கப் போயிருந்தார்கள். கரையில் நின்றது ஏழுமலையின் படகு ஒன்றுதான். அது இப்போது சாட்சிப் பொருள். அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் விலங்கோடு என் காலடியில் உட்கார்ந்திருந்தான்.

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள், படகைப் பார்த்தார்கள், ஏழுமலையைப் பார்த்தார்கள். கேட்டாலும் கிடைக்காது என்று தெரிந்தவர்களின் பார்வை அது.

தேவராஜ் என் காதருகே வந்து, "சார், மூட்டைய உட்டுட்டுப் போனா கேஸ் கெட்டுப்பூடும். இவன் வழியில குதிச்சான்னா ஆளும் போயிடுவான். நல்லா ரோசனை பண்ணிக்கோங்க" என்றார். பயத்தில் சொல்லவில்லை. அவர் கடமை அது, சொன்னார். அதற்கு இன்றும் அவரை மதிக்கிறேன். முடிவெடுக்கும் அதிகாரிக்குப் பக்கத்தில், வேண்டாதது என்ன நடக்கக்கூடும் என்று சொல்ல ஒரு ஆள் இருக்கவேண்டும்.

"மூட்டைங்களோட நீங்க இருக்கீங்களா ஏட்டய்யா?"

அவர் சுற்றிலும் நின்ற பெண்களையும், ஓடிப்போன இரண்டு பேர் மறைந்த திசையையும் பார்த்தார். "இருக்கேன் சார்" என்றார்.

ஏழுமலையின் விலங்கைக் கழற்றினேன். அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "எனுக்குப் பேரம் ஒண்ணும் இல்ல சார். சீக்கிரம் ஏத்துங்க" என்றான்.

கங்கம்மாவைக் கோணிப்பாயோடு தூக்கிப் படகில் கிடத்தினோம். தாயாரம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள். நானும் சம்பந்தமும் நடுவில். ஏழுமலை பின்னால் நின்று கழி போட்டான். காற்று எங்கள் பக்கம் இருந்தது. பாய் விரிந்ததும் படகு வேகமெடுத்தது. கங்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவின் புடவையை முறுக்கினாள். அவளுக்கு வலி விட்ட நேரங்களில் தண்ணீர் படகில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

பாதி தூரத்துக்கு மேல் வந்ததும் படகு சேற்றில் தட்டி நின்றது. தண்ணீர் வற்றிய மாதம், ஐந்து பேர் பாரம். ஏழுமலை கழியை ஊன்றிப் பார்த்தான். அசையவில்லை.

"சார், நீங்க ரெண்டு பேரும் எறங்கித் தள்ளணும். நான் எறங்கினா கழி போட ஆள் இல்ல."

அவன் சொன்னது நியாயம். ஆனால் நான் இறங்கினால், துண்டுக்குள் இடுப்பில் கட்டியிருந்த ரிவால்வர் சேற்றுத் தண்ணீரில் போகும். அல்லது குனிந்து தள்ளுகிறபோது அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். சம்பந்தத்திடம் கொடுக்க முடியாது, அவரும் இறங்கவேண்டும். கங்கம்மா கத்தினாள். யோசிக்க நேரம் இல்லை. பெல்ட்டோடு கழற்றித் தாயாரம்மாவின் மடியில் வைத்தேன்.

"அம்மா, இதை வச்சுக்கோங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையால் அதை மூடிக்கொண்டாள்.

இதை நீங்கள் செய்யாதீர்கள். எந்த விதியிலும் இதற்கு இடமில்லை. நான் ஏன் செய்தேன் என்றால், அந்தப் படகில் ஏழுமலைக்கும் எனக்கும் நடுவே இருந்தவள் அவள் ஒருத்திதான். அன்றைக்கு அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, படகு நகரவேண்டும். அதை மட்டும் நம்பினேன்.

இறங்கினோம். சேறு தொடைவரை இழுத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது மேலே ஏழுமலையின் மிருதுவான குரல் கேட்டது.

"அத்தே. மடியில கீறத இப்டிக் குடு."

சம்பந்தம் தள்ளுவதை நிறுத்திவிட்டார். நான் நிமிர்ந்தாலும் எட்டாது. படகின் விளிம்பு என் நெற்றி உயரத்தில் இருந்தது.

 தாயாரம்மா மகளின் முகத்தைத் துடைத்தாள். பிறகு அவனைப் பார்க்காமலே சொன்னாள்: "உன் கையில கழி கீது. அத்தப் பாரு."

"அத்தே, நான் உள்ள பூட்டேன்னா குப்பத்துக்கு யாரு கீறாங்க?"

"என் பொண்ணு செத்துக்கினு கீறா. கழி போடுடா."

அவன் கழி போட்டான். நாங்கள் தள்ளினோம். படகு ஒரு குலுக்கலோடு சேற்றைவிட்டு நழுவியது. நான் ஏறி உட்கார்ந்ததும் தாயாரம்மா முந்தானையை விலக்கி பெல்ட்டை நீட்டினாள். ஏழுமலை கரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கரையில் ஜீப் எங்கள் பாக்கியத்துக்குத் தள்ளாமலே கிளம்பியது. சம்பந்தம் அவர்களோடு பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனார். கங்கம்மாவும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. பெண் குழந்தை. அந்தச் சேதி பிறகுதான் வந்தது. அதுவரை நானும் ஏழுமலையும் கரையில் தனியாக இருந்தோம். அவன் ஓட நினைத்தால் என்னைவிட வேகமாக ஓடுவான். பாயைச் சுருட்டிக் கட்டினான். அதைக் கட்டுவதற்கு வழக்கமாக ஆகிற நேரத்தைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்டான். கட்டி முடித்துவிட்டு வந்து கையை நீட்டினான்.

"ஏன் ஓடலை?" என்று கேட்டேன்.

"எங்க சார் ஓடறது? அத்த அப்டி சொல்ட்ச்சே. இனிமே குப்பத்துல எனுக்கு இன்னா கீது?"

ஜீப் சேதியோடு திரும்பியதும், விலங்கு மாட்டிய ஏழுமலையைச் சம்பந்தத்திடம் ஒப்படைத்துவிட்டு, அந்தப் பக்கம் வந்த ஒரு மீன்படகில் தேவராஜை அழைத்துவரப் போனேன். அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது. மூட்டைகள் போனால் போகட்டும் என்றுகூட நினைத்துவிட்டேன். போய்ப் பார்த்தால், கரையில் மூட்டைகள் சீல் கலையாமல் இருந்தன. அவற்றைச் சுற்றிக் குப்பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மூட்டைமேல் தேவராஜ். கையில் யாரோ கொடுத்த நீராகாரச் சொம்பு.

ஓடிப்போன ஆட்கள் இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு அரிவாளோடு வந்தார்களாம். தேவராஜ் வலையுலர்த்தும் மூங்கில் ஒன்றை உருவிக்கொண்டு எழுந்து நின்றாராம். அதற்குள் ஒரு பெண் போய் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாளாம். பிறகு இன்னொருத்தி. "அந்தப் போலீஸ்காரு எங்க பொண்ண இட்டுனு போயிக்கிறாரு. அவுரு திரும்பி வர்ற வரைக்கும் அவுரு வச்சுட்டுப் போனதத் தொடக்கூடாது. பேஜாரு பண்ணாம போங்கடா" என்று சொல்லிவிட்டார்களாம். வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பெண்களின் அண்ணன் தம்பி முறை, மாமன் மச்சான் முறை. கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள்.

தேவராஜ் இதைச் சொல்லும்போது சிரித்தார்.

ரிப்போர்ட் எழுதுகிற நேரம் வந்தது. விலங்கைக் கழற்றியது, மூட்டையை விட்டுப் போனது, ரிவால்வர், எல்லாவற்றையும் எழுதினால் என் தொப்பி போய்விடும். எழுதாவிட்டால் கேஸ் சுத்தமாக இருக்கும். இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"நடந்ததை நடந்தபடி எழுது. உன்னால சொல்லமுடியாத ஒண்ணை நீ செய்யலை. ஆனா ரிவால்வருக்கு நான் உனக்கு மெமோ குடுக்கத்தான் செய்வேன்."

கொடுத்தார். அதற்கு விளக்கமும் எழுதினேன். அதோடு முடிந்தது.

கோர்ட்டில் ஏழுமலையின் வக்கீல் கெட்டிக்காரர். சீல் வைத்த மூட்டைகளை ஒற்றை ஏட்டுவை நம்பி ஒரு குப்பத்துக்கு நடுவே விட்டுவிட்டு எஸ்.ஐ. போய்விட்டார், மூட்டை மாறவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று என்னைக் குடைந்தார். நியாயமான கேள்வி. கும்மிடிப்பூண்டியில் அதுவரை எந்தக் கும்பலுக்கும் எதிராக ஒரு பொது ஆள் சாட்சிக் கூண்டில் ஏறியதில்லை. தாயாரம்மா ஏறினாள். மூட்டை படகிலிருந்து இறங்கியதைப் பார்த்தேன், யாரும் அதைத் தொடவில்லை என்று எங்கள் பெண்கள் எல்லோரும் சொன்னார்கள், அவர்களும் வந்திருக்கிறார்கள் என்றாள்.

வக்கீல் கேட்டார்: "உங்க மகளைக் காப்பாத்தினதுக்கு நன்றிக்கடனா போலீசுக்குச் சாட்சி சொல்றீங்க, அப்படித்தானே?"

"என் பொண்ண இட்டுனு போன படகு அவனுது சார். கழி போட்டவனும் அவன்தான். அவனுக்கும் எனுக்கு நன்றி கீது. அதுக்காவ மூட்ட அவன்துல்லன்னு சொல்ல முடியுமா?"

ஏழுமலை தலைகுனிந்துகொண்டான். அவனுக்குத் தண்டனை கிடைத்தது.

ஸ்டேஷனில் எல்லோருக்கும் சந்தோஷம். இன்ஸ்பெக்டர் மட்டும் சந்தோஷப்படவில்லை. "இப்ப அந்தக் குப்பத்துல பாம்பு கடிச்சா யாரு தூக்கிட்டுப் போவா?" என்றார். அந்த இடம் காலியாக இருந்தால் வேறொருவன் படகோடு வந்து உட்காருவான், அவனுக்கும் அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்றார். அவர் சொன்ன மாதிரியே, லாரி ஷெட்காரர்கள் ஒரு புதுப் படகைக் காட்டிக் குப்பத்தில் பேசிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பிடிவாதக்காரர். அலைந்து, மனுப்போட்டு, பிணைக்கு ஆள் நிறுத்தி, ஏழுமலையின் படகைக் குப்பத்துப் பஞ்சாயத்தின் பொறுப்பில் விடச்செய்தார். ஆஸ்பத்திரிக்கும் அவசரத்துக்கும் மட்டும் என்று ஏற்பாடு. தாயாரம்மாவின் மகன் கோபால் அதை ஓட்டினான். குப்பத்திலிருந்து ஆள் வந்தால் எங்கள் ஜீப் கரைக்குப் போகவேண்டும் என்பது ஸ்டேஷனில் வழக்கமாயிற்று. எத்தனை தடவை அந்த ஜீப்பைத் தள்ளிக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறோம்! தேவராஜ், "நாம இன்னா சார், போலீசா, ஆஸ்பத்திரி வேனா?" என்று சலித்துக்கொள்வார். ஆனால் முதலில் ஓடிப்போய்த் தள்ளுகிறவர் அவர்தான்.

லாரி ஷெட்காரர்களின் படகை அந்தக் குப்பம் வாங்கிக்கொள்ளவில்லை. கூடைக்காரப் பெண்கள் கருவாட்டை மட்டும் கொண்டுவந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ரோட்டில் நடந்ததைப் பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். வெல்டரை வெட்டியவனை அப்படித்தான் பிடித்தோம். கஞ்சா ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அது ரோட்டுக்கு மாறியது, ரயிலுக்கு மாறியது, உங்கள் காலத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஏரி மட்டும் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. அதைச் செய்தது நான் மாட்டிய விலங்கு அல்ல என்பதுதான் நான் சொல்லவந்தது. ஒருவனைப் பிடிக்கத் திட்டம் போடும்போதே, அவன் இல்லாத மறுநாள் அங்கே எது நின்றுபோகும் என்று விசாரித்துவிடுங்கள்.

ஏழுமலை விடுதலையானபோது நான் இன்னும் அதே ஸ்டேஷனில்தான் இருந்தேன். ஒரு மத்தியானம் உள்ளே வந்து நின்றான். மெலிந்திருந்தான், முன்தலை நரைத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், ஜெயில் வாசல்லயே லாரி ஷெட்டு ஆளுங்க வண்டியோட வந்து நின்னாங்க. வா நைனா, ஒண்ணா இருக்கலாம்னாங்க. நான் பஸ் புடிச்சு இங்க வந்துட்டேன். நான் எங்க போறது சார்?"

நான் படித்த எந்தச் சட்டத்திலும் இந்தக் கேள்விக்குப் பிரிவு கிடையாது. அவனை அப்படியே திருப்பி அனுப்பினால் அந்த வண்டியில்தான் ஏறுவான் என்பது மட்டும் தெரிந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு, "வா" என்றேன்.

ஏரிக்கரைக்குப் போனோம். யாரையோ ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பிப் போகக் கோபால் படகோடு நின்றிருந்தான். ஏழுமலையைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது. வா என்று சொல்லவோ, போ என்று சொல்லவோ எனக்கு அங்கே அதிகாரம் இல்லை. அது அவர்கள் குப்பம். ஏழுமலையும் கேட்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் நின்றான். காற்றில் பாய் படபடத்தது. கோபால் கழியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏரியைப் பார்த்தான்.

பிறகு, "ஏறு" என்றான்.

ஏழுமலை ஏறினான். ஏறினவன் பழக்கத்தில் நேராகப் பின்பக்கம் போனான், கழி போடுகிற இடத்துக்கு. கோபால் அங்கேயே நின்றான், நகரவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அங்க இல்ல," என்றான் கோபால். குரலில் கோபம் இல்லை. "முன்னால போய்க் குந்து மாமா."

ஏழுமலை முன்னால் போய், மற்ற சவாரிகள் உட்காரும் இடத்தில், கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.